கட்டைக் குரலுக்கும் ஓர் இடம் உண்டு

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



நம் கல்லூரியில் எந்த விழா நடந்தாலும் முதல் நிகழ்ச்சி தமிழ்த்தாய் வாழ்த்துதான். நாலைந்து மாணவிகள் மைக் முன்னால் வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையில் ஒருத்திக்கு மட்டும் குரல் கனமாக இருந்தால் என்ன நடக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒன்று, அவளை மைக்கை விட்டுத் தள்ளி ஓரத்தில் நிறுத்துவார்கள். இரண்டு, "நீ சத்தம் வராம வாயை மட்டும் அசைச்சா போதும்மா" என்பார்கள். மூன்று, அவளே "எனக்குப் பாட்டு வராது" என்று சொல்லி ஒதுங்கிவிடுவாள்.

எனக்கு முதல் இரண்டும் நடந்திருக்கின்றன. மூன்றாவது மட்டும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதற்குக் காரணம், நம் பாடப் புத்தகத்திலிருந்தும் நம்ம ஊர் சரித்திரத்திலிருந்தும் நான் தெரிந்துகொண்ட சில விஷயங்கள். அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. பாட்டில் நாட்டம் இல்லாதவர்களும் படிக்கலாம். பாதிக்கு மேல் கணக்குதான்!

'கட்டை' என்றால் என்ன?

'கட்டைக் குரல்' என்றால் தாழ்ந்த, கனத்த குரல் என்று எல்லோருக்கும் தெரியும். "உன் சுருதி எத்தனை கட்டை?" என்று பாட்டு வாத்தியார் கேட்பது வேறு கட்டை. அது ஆர்மோனியத்தின் கட்டை. வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணினால் ஒன்று முதல் ஏழு வரை வரும். இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. எந்தக் கட்டையை 'ஸ' என்று வைத்துக்கொண்டு பாடுகிறோமோ அதுவே நம் சுருதி. பொதுவாக ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவார்கள்.

ஆகவே சுருதி என்பது உயர்வு தாழ்வு அல்ல, ஓர் அளவு. செருப்புக்கு ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் என்கிற மாதிரி. ஏழாம் நம்பர் காலுக்கு ஐந்தாம் நம்பர் செருப்பைப் போட்டுவிட்டு "உனக்கு நடக்கத் தெரியலை" என்று சொன்னால் நியாயமா?

குரல் எப்படி உண்டாகிறது?

நம் தொண்டையில் குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. கம்பியின் அதிர்வெண்ணுக்கு முதலாண்டு இயற்பியலில் படித்த விதி ஞாபகம் இருக்கிறதா? கம்பி நீளமானால் அதிர்வெண் குறையும். கனமானாலும் குறையும். இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும். குரல் நாண் பல அடுக்குகள் கொண்ட சதை, வீணைக் கம்பி அல்ல. ஆனாலும் இந்த விதி தோராயமாகப் பொருந்தும்.

வயது வந்த பெண்ணுக்குக் குரல் நாணின் நீளம் சுமார் 12.5 முதல் 17.5 மில்லிமீட்டர். ஆணுக்கு 17 முதல் 25 மில்லிமீட்டர். ஆக, ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம். ஓர் அரிசி மணியின் நீளம்! அந்த அரிசி மணிதான் ஒருத்தியை 'குயில்' ஆக்குகிறது, இன்னொருத்தியை ஓரத்தில் நிறுத்துகிறது.

பேச்சிலும் இப்படித்தான். ஆண்களின் பேச்சுக் குரல் சுமாராக 85 முதல் 180 ஹெர்ட்ஸ், பெண்களுடையது 165 முதல் 255 ஹெர்ட்ஸ். இரண்டும் 165-லிருந்து 180 வரை ஒன்றின் மேல் ஒன்று படிகிறது பாருங்கள். என் குரல் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் போனில் என்னை "சொல்லுங்க தம்பி" என்பவர்கள் உண்டு.

நம் துறை நண்பர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை. பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும் என்று படிக்கிறோம். அப்படியானால் என்னுடைய 170 ஹெர்ட்ஸ் அந்தப் பக்கம் போகவே போகாது. பிறகு எப்படித் 'தம்பி' ஆனேன்? 340, 510, 680 என்று என் குரலின் ஹார்மானிக்ஸ் போய்ச் சேருகின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி 170 என்பதைக் காது கண்டுபிடித்து, வராத அடிச் சுரத்தையும் வந்ததாகவே கேட்கிறது. காதைவிட நல்ல ரிசீவர் இல்லை!

ஒரு சின்னக் கணக்கு

இப்போது விஷயத்துக்கு வருவோம். என்னைப் போன்ற ஒருத்தி சிரமம் இல்லாமல் 525 ஹெர்ட்ஸ் வரை மேலே பாடுவாள் என்று வைத்துக்கொள்வோம். குழுவில் எத்தனை கட்டை பிடித்தால் அவள் மேல் ஸ்தாயியில் எதுவரை போக முடியும்?

ஆறு கட்டை: மேல் ஸ 440, ரி 495, க 550, ம 587, ப 660. அவள் 'ரி'யோடு நின்றுவிடுவாள்.

ஐந்து கட்டை: மேல் ஸ 392, ரி 441, க 490, ம 523, ப 588. 'ம' வரை வருவாள்.

நான்கு கட்டை: மேல் ஸ 349, ரி 393, க 437, ம 466, ப 524. 'ப' வரை தாராளமாகப் பாடுவாள்.

அதே பெண், அதே தொண்டை. ஆறு கட்டையில் 'பாட்டு வராதவள்', நான்கு கட்டையில் பாடகி. மாறியது சுருதி மட்டுமே.

நம் விழாக்களில் சுருதியை யார் தீர்மானிக்கிறார்கள்? யாரும் தீர்மானிப்பதில்லை. முன்னால் நிற்பவள் முதல் அடியை எங்கே பிடிக்கிறாளோ அதுதான் சுருதி. அவளுக்கு மெல்லிய குரல் என்றால் மற்ற எல்லோரும் அவள் பின்னால் ஏற வேண்டியதுதான். பாட்டு மேலே போகும் இடத்தில் கனத்த குரல்காரி கத்துவாள், அல்லது நிறுத்திவிடுவாள். கேட்பவர்கள் "அபஸ்வரம் அவகிட்டதான்" என்பார்கள்.

எதிர்ப் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான்கு கட்டையில் கீழ் ஸ்தாயி 'ப' 131 ஹெர்ட்ஸ். மெல்லிய குரல் உள்ள என் தோழிக்கு அங்கே வெறும் காற்றுதான் வரும். எனவே என் சுருதிக்கு எல்லோரையும் கீழே இழுப்பதும் சரியல்ல. பாட்டின் மிக மேல் சுரம் எது, மிகக் கீழ்ச் சுரம் எது என்று பார்த்துவிட்டு, நடுவாக ஒரு சுருதியை முதலிலேயே முடிவு செய்வதுதான் முறை.

நம்ம ஊர் பட்டம்மாள்

கனத்த குரலுக்கு உதாரணம் தேடி நாம் வெளியூர் போக வேண்டாம். டி.கே. பட்டம்மாள் 1919-ல் இதே காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 'டி' என்பது தாமல். வேலூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிற அதே தாமல்தான். அக்காலத்தில் அவருடைய சமூகத்துப் பெண்கள் சபையில் பாடும் வழக்கம் கிடையாது. நன்றாகப் பாடத் தெரிந்த அவருடைய தாயாரே வெளியார் முன்னால் பாடியதில்லை. பட்டம்மாள் 1932-ல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் மேடையேறினார்.

அவருடையது கீச்சுக் குரல் அல்ல. கம்பீரமான, கனமான குரல். அந்தக் குரலில் அவர் எடுத்துக்கொண்டது எதை? ராகம் தானம் பல்லவியை. கணக்கு வழக்கு மிகுந்த பல்லவி ஆண்களின் சொத்து என்று கருதப்பட்ட காலம் அது. சிறு வயதில் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர், அந்த லயக் கணக்கைத் தன் வசமாக்கினார். 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் வாங்கினார். 1970-ல் சங்கீத கலாநிதி, 1998-ல் பத்ம விபூஷண். 2009-ல் மறையும்வரை எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.எல். வசந்தகுமாரி ஆகியோரோடு சேர்த்தே அவர் பெயரும் சொல்லப்பட்டது.

இன்னொரு செய்தி நம் தலைப்புக்கு முக்கியமானது. அவருடைய தம்பி டி.கே. ஜெயராமன் பல கச்சேரிகளில் அக்காவுடன் சேர்ந்து பாடியிருக்கிறார். ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் சேர்ந்து பாடுவது லேசான காரியம் அல்ல. மேலே போட்ட கணக்கைப் பார்த்தாலே தெரியும். பெண்ணின் சுருதி தணிந்திருந்தால்தான் அது சுலபமாகும். ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் பாலம் போடுவது கனத்த பெண் குரல்தான்.

எல்லோருக்கும் இந்தப் பாக்கியம் உடனே கிடைத்துவிடுவதில்லை. பாடகி உஷா உதுப்பைப் பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்தே வெளியே அனுப்பிவிட்டார்கள். காரணம் அந்தக் குரல்தான். 1969-ல் சென்னை மவுண்ட் ரோடில் ஓர் உணவு விடுதியில் அவர் பாடத் தொடங்கினார். அதே குரலுக்கு 2024-ல் பத்ம பூஷண் கிடைத்தது.

சேர்ந்திசையில் நாலு வீடு

பட்டம்மாளும் உஷா உதுப்பும் தனியாகப் பாடியவர்கள். தங்களுக்கு வேண்டிய சுருதியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் ஒருத்தியாகப் பாடுகிறவள் என்ன செய்வாள்?

நம் பஜனையிலும் கோஷ்டியிலும் எல்லோரும் பாடுவது ஒரே மெட்டு. மேலை நாட்டுச் சேர்ந்திசை முறை வேறு. அங்கே குரல்களை முதலில் தரம் பிரிக்கிறார்கள். பெண்களில் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க் குரல் ஆல்ட்டோ. ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பேஸ். நான்கு குரலுக்கும் நான்கு தனித்தனி மெட்டு. நான்கும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது ஒத்திசைவு பிறக்கிறது. நம் மாநிலத்தில் பல தேவாலயங்களின் பாடகர் குழுக்கள் இப்படித்தான் பாடுகின்றன. தேவாலயத்துக்கு வெளியே இதைக் கொண்டுவந்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். 1970-களில் அவர் நடத்திய மெட்ராஸ் யூத் கொயர், பாரதியார் பாடல்களையே பல குரல் சேர்ந்திசையாகப் பாடியது. அவர் 1988-ல் மறைந்தார்.

ஆல்ட்டோ என்ற பெயரில் ஒரு சுவாரசியம். இத்தாலிய மொழியில் அதற்கு 'உயரம்' என்று பொருள். முற்காலத்தில் தேவாலயங்களில் ஆண்களும் சிறுவர்களுமே பாடினார்கள். டெனருக்கு மேலே இருந்த பகுதியை 'உயர்ந்தது' என்றார்கள். பிற்பாடு அந்தப் பகுதி பெண்களிடம் வந்தபோது, பெண்களில் தாழ்ந்த குரலுக்கு 'உயர்ந்தது' என்ற பெயரே நிலைத்துவிட்டது! மூலமான லத்தீன் சொல்லுக்கு 'உயரம்', 'ஆழம்' என்று இரண்டு பொருளும் உண்டாம். கட்டைக் குரல் என்று கேட்டுச் சலித்த எனக்கு அந்த இரண்டாவது பொருள் ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆல்ட்டோ என்ன வேலை செய்கிறது?

ஒரு கிறிஸ்துமஸ் கேரல் குழுவில் ஆள் குறைகிறது என்று என் தோழி என்னை அழைத்துப் போனாள். "உங்க குரல் ஆல்ட்டோம்மா, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். வாயை மட்டும் அசைக்கச் சொல்லவில்லை!

ஆனால் அந்த வேலை அவ்வளவு சுலபமில்லைங்க. பக்கத்தில் சொப்ரானோ எல்லோருக்கும் தெரிந்த மெட்டை அழகாகப் பாடிக்கொண்டு போகும். நமக்கோ ஒரே சுரத்திலேயே நாலு அட்சரம் நிற்க வேண்டியிருக்கும். கொஞ்சம் அசந்தால் காது அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். கேட்பவர்கள் யாரும் ஆல்ட்டோ பகுதியை வீட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு போவதில்லை. பிறகு எதற்கு இந்தப் பாடு?

நான்கு குரலும் சேர்ந்து நிற்கும் ஓர் இடத்தைக் கணக்காகப் பார்ப்போம். பேஸ் 'ஸ' 131 ஹெர்ட்ஸ். டெனர் 'ப' 196. ஆல்ட்டோ 'க' 327. சொப்ரானோ மேல் 'ஸ' 523. விகிதம் போட்டால் 2 : 3 : 5 : 8. இதில் ஆல்ட்டோவை எடுத்துவிடுங்கள். மீதி ஸ, ப, ஸ. தம்புரா மாதிரி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது மகிழ்ச்சியா சோகமா என்று சொல்ல முடியாது. 'க' வந்தால்தான் தெரியும். ஆல்ட்டோ அந்தர காந்தாரம் பாடினால் முழுக் குழுவும் மலர்ச்சியாக ஒலிக்கும். அதே ஆள் அரைச் சுரம் இறங்கிச் சாதாரண காந்தாரம் பாடினால் மொத்தமும் சோகமாகிவிடும். மற்ற மூன்று பேரும் அசையவே இல்லை! எல்லா இடத்திலும் 'க' ஆல்ட்டோவிடம்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பல இடங்களில் அப்படித்தான்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு எங்கள் வீட்டுத் தறி உதவியது. பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதற்காக மூன்று நாடா ஓடும். நெய்பவர் ஒருவரால் மட்டும் முடியாது. ஓரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக்கொடுக்க வேண்டும். சேலை விற்கும்போது அந்த ஓரத்து ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அவர் ஒரு நாடாவைத் தவறவிட்டால் கரையும் உடலும் சேராது. ஓரத்தில் நிறுத்தப்பட்ட குரலும், ஓரத்தில் உட்கார்ந்து கோர்வை சேர்க்கும் குரலும் ஒன்றல்ல. முன்னதற்கு வேலை இல்லை, பின்னதற்கு உண்டு. அதுதான் வித்தியாசம்.

செய்முறை: உங்கள் குரலை அளப்பது எப்படி?

1. நம் ஆய்வகத்தில் ஒரு மைக்கை ஆம்ப்ளிஃபயர் வழியாக சி.ஆர்.ஓ.வில் இணையுங்கள். டைம்பேஸை ஒரு கட்டத்துக்கு 1 மில்லிசெகண்ட் என்று வையுங்கள்.

2. 'ஆ' என்று நிதானமாக, ஒரே சுரத்தில் பாடுங்கள். ஓர் அலை எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். 5 கட்டம் என்றால் காலம் 5 மில்லிசெகண்ட், அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டை சுருதியின் 'ஸ' 196. நீங்கள் அதற்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். (ஆய்வகம் கிடைக்காவிட்டால் கைபேசியில் ட்யூனர் செயலி போதும்.)

3. படிப்படியாகக் கீழே இறங்கி, குரல் காற்றாக மாறும் இடத்தைக் குறியுங்கள். பிறகு மேலே ஏறி, கழுத்து இறுகத் தொடங்கும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதே உங்கள் எல்லை. இறுகும் இடத்துக்கு மேலே பலவந்தமாகப் போகாதீர்கள்.

4. குழுவில் உள்ள எல்லோருடைய எல்லையையும் ஒரே தாளில் எழுதுங்கள். பாட்டின் எல்லையை அதன் மேல் வைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் பொருந்தும் சுருதி எது என்று தாளே சொல்லும்.

5. விழா அன்று சுருதிப் பெட்டியை வைத்து, எல்லோரும் 'ஸ' பிடித்த பிறகே தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தனக்குப் பொருந்தாத உயரத்தில் நாள்தோறும் கத்திப் பாடினால் குரல் நாணில் சிறு முடிச்சுகள் வரலாம். இயற்கையாகவே கனமான குரல் நோய் அல்ல. அதற்கு வெந்நீரும் வேண்டாம், கற்கண்டும் வேண்டாம். ஆனால் நன்றாக இருந்த குரல் திடீரென்று கரகரத்து, மூன்று வாரம் ஆகியும் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முடிவாக

2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த தமிழக அரசு, அதை இசைத்தட்டில் ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும், 55 வினாடியில் பாட வேண்டும் என்றும் சொன்னது. வினாடியைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். பயிற்சியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பயிற்சியின் முதல் பாடம், யாருடைய குரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே. அதற்கு அரை மணி நேரம் போதும்.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டு விழாவுக்குக் குழு சேர்க்கும்போது "நல்ல குரல் யாருக்கு இருக்கு?" என்று கேட்காதீர்கள். "யாருக்கெல்லாம் பாட ஆசை?" என்று கேளுங்கள். வருகிறவர்களை அளந்து, அவரவர் இடத்தில் நிறுத்துங்கள்.

கனத்த குரல் கொண்ட தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களை யாராவது வாயை மட்டும் அசைக்கச் சொன்னால், கோபப்பட வேண்டாம், அழவும் வேண்டாம். "எத்தனை கட்டை சுருதி வைக்கப் போறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் தேடத் தொடங்கினாலே போதும், உங்களுக்கான இடம் கிடைத்துவிடும்.